வளர்கிற காலுக்கு எட்டுச் சக்கரம்

1

ராணியின் பிறந்தநாளன்று இந்த நாட்டில் எல்லோரும் கடைக்காரர்கள். விடிவதற்கு முன்பே நடைபாதையில் சுண்ணக்கட்டியால் கட்டம் போட்டு, உள்ளே தங்கள் பெயரை எழுதி, இடம் பிடித்துவிடுவார்கள். பழைய புத்தகம், ஒற்றைக் கைப்பிடி போன கோப்பை, பிள்ளை வளர்ந்துவிட்டதால் சும்மா கிடக்கும் தொட்டில், எல்லாம் ஒரு போர்வையின் மேல் வந்து உட்காரும். உரிமம் வேண்டாம், முன்பதிவு வேண்டாம். மூச்சு விடுவதற்குக்கூடப் படிவம் கேட்கிற நெதர்லாந்து, வருடத்தில் அந்த ஒரு நாள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறது. எனக்குச் செங்கல்பட்டு பஜார் கால் முளைத்து இங்கே நடந்து வந்த மாதிரி இருக்கும்.

போன வருடம் அந்த நாளில்தான் என் மகள் யாழினிக்கு ஸ்கேட் வாங்கினேன். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. ஒரே வரிசையில் நான்கு சக்கரம் வைத்த பூட்ஸ், ஊதா நிறம், பக்கத்தில் வெள்ளிக் கோடு. கன்னத்தில் கொடி வரைந்திருந்த ஒரு பெண் குழந்தை விற்றுக்கொண்டிருந்தாள். யாழினியின் அளவு முப்பத்து மூன்று. ஸ்கேட்டில் முப்பத்தைந்து என்று போட்டிருந்தது.

"பெரிசு" என்றாள் விற்கிற பெண்.

"பரவாயில்லை. இவள் வளர்கிறாள்" என்றேன், எனக்குத் தெரிந்த டச்சில். அந்த வாக்கியத்தில் பிழை எதுவும் இல்லை. வெகு நாள் கழித்துப் பிழையில்லாமல் பேசிய மகிழ்ச்சியில் இருந்தேன்.

அவள் ஒரு வலைப்பையையும் நீட்டினாள். உள்ளே முழங்கால் காப்பு, மணிக்கட்டுக் காப்பு. இலவசம் என்றாள். பார்வைக்காக மாட்டிக்கொள்கிற அலங்காரம் என்று நினைத்து, வேண்டாம் என்று தலையசைத்தேன். அந்தத் தலையசைப்பு ஒரு வருடமாக என் கழுத்தில் ஆடிக்கொண்டே இருக்கிறது.

ஊரில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஜூன் மாதம் பள்ளி திறக்கும். அப்பா கடைக்குக் கூட்டிப்போவார். கடைக்காரர் என் காலைப் பார்க்கமாட்டார். அப்பாவின் முகத்தைப் பார்ப்பார். "வளர்ற பொண்ணு சார், ரெண்டு நம்பர் தள்ளியே எடுத்துக்குங்க." நுனியில் பஞ்சு, பஞ்சு தீர்ந்தால் செய்தித்தாள். முதல் வருடம் ஷூ பெரிதாக இருக்கும். இரண்டாம் வருடம் சரியாக இருக்கும். மூன்றாம் வருடம் கடிக்கும். மூன்றில் ஒரு வருடம் காலும் செருப்பும் சேர்ந்திருந்தால் அது நல்ல குடும்பம். ஏழாம் வகுப்பு ஓட்டப்பந்தயத்தில் என் வலது ஷூ எனக்கு முன்னால் எல்லைக்கோட்டைத் தாண்டியது. அதற்குப் பரிசு தரமாட்டார்களாம்.

அப்படி ஓடியே நான் உடற்கல்வி ஆசிரியை ஆனேன். ஆகவே பெரிய அளவில் வாங்குவதில் தவறிருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை.

2

மே மாதம், மூன்றாவது வாரம். எங்கள் தெரு செங்கல் பாவிய தெரு. யாழினி இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை போட்டு, அதன் மேல் ஊதா ஸ்கேட்டை மாட்டியிருந்தாள். நான் ஒரு கையைப் பிடித்திருந்தேன். "விட்டுடும்மா" என்றாள். விட்டேன்.

நான்கடி போயிருப்பாள். பூட்ஸ் நேராக நின்றது. அதற்குள்ளே அவள் கால் மட்டும் சாய்ந்தது. அதை என் கண்ணால் பார்த்தேன். மணி அசையாமல் நாக்கு மட்டும் சாய்வது போல. இரண்டு கையையும் முன்னால் ஊன்றினாள். அழுகை பின்னால்தான் வந்தது.

மருத்துவமனை வரவேற்பில் இருந்தவரிடம் பதற்றத்தில் "என் மகள் விழுந்துவிட்டாள்" என்று சொல்வதற்குப் பதில், ஓரெழுத்து மாறி, "என் மகளுக்குப் பிரசவமாகிவிட்டது" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் ஒன்பது வயதுக் குழந்தையை எட்டிப் பார்த்தாள். வலியோடு நின்றவள் "அம்மா, நீ பேசாதே, நான் சொல்றேன்" என்று சொல்லி, தன் விபத்தைத் தானே எடுத்துரைத்தாள். படிவத்தில் என் பெயரின் எழுத்துகளையும் அவளே ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

பிறகு ஒரு செவிலி அவளை மட்டும் தனி அறைக்குக் கூட்டிப்போனார். குழந்தைக்கு அடிபட்டால் பெற்றவர் இல்லாமல் விசாரிப்பது இங்கே வழக்கம். கதவுக்கு வெளியே நின்ற அந்தப் பத்து நிமிடத்தில், நான் எந்தெந்த நாளில் எதற்கெல்லாம் குரல் உயர்த்தினேன் என்று வரிசையாக நினைவுக்கு வந்தது. செவிலி சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். "ஷூ பெரிதாம். அம்மாவுக்கு நான் வளர்ந்துவிடுவேன் என்று நம்பிக்கையாம்." அவர் கேலியாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் சுட்டது.

மணிக்கட்டில் முறிவு. மாவுக்கட்டு. வகுப்புத் தோழிகள் எல்லோரும் அதன்மேல் வண்ணப் பேனாவால் பெயர் எழுதினார்கள்.

கட்டைப் பிரித்த அன்று, "இனி ஓடலாமா?" என்று டாக்டரிடம் கேட்டேன். ஓடலாம், ஸ்கேட்டும் ஓட்டலாம் என்றார். பேருந்தில் வரும்போது யாழினி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நான் சக்கரம் போட மாட்டேன். உன்கூட போடவே மாட்டேன்."

"ஏன்டா, நான் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன்..."

"அது கதைதானே. ஒரு போட்டோகூட இல்ல."

போட்டோ இல்லைதான். அவள் வகுப்பில் எல்லாக் குழந்தைகளும் கோடையில் ஏரியைச் சுற்றிச் சக்கரத்தில் போகிறார்கள். குளிரில் அதே ஏரியின் மேல் போகிறார்கள். இவள் பள்ளி விட்டதும் நேராக வீட்டுக்கு வந்தாள். வழியில் யாராவது சக்கரத்தில் வந்தால் சுவரோடு ஒட்டி நின்றாள். ஒரு காலத்தில் முப்பது பெண்களின் காலிலிருந்து பயத்தை இறக்கியவள் நான். என் பெண்ணின் காலில் அதை நானே ஏற்றிவிட்டேன். அதுவும் இரண்டு அளவு பெரிதாக.

3

தொண்ணூற்றைந்தில் நாங்கள் மாமல்லபுரத்தில் குடியிருந்தோம். என் கணவர் ரகு அலுவலகப் பேருந்தில் கல்பாக்கம் போவார். நான் எதிர்த் திசையில், திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு. காலையில் உளிச் சத்தத்தோடு பஸ் ஏறுவேன். மாலையில் இறங்கும்போதும் அதே உளி அதே கல்லைக் கேட்டுக்கொண்டிருக்கும். பக்கத்தில் கடல் வேறு. ஒன்று ஓயாது, மற்றொன்று ஓயவே ஓயாது. உட்கார்ந்தால் கால் ஆடுகிற பிறவியான எனக்குப் பொருத்தமான ஊர்.

ஒரு நாள் பள்ளிக்கு மரப்பெட்டி ஒன்று வந்தது. பழைய மாணவி ஒருத்தி பெங்களூரிலிருந்து அனுப்பியிருந்தாள். உள்ளே பதினைந்து ஜோடி ஸ்கேட். இப்போது பார்ப்பது போன்ற பூட்ஸ் இல்லை. இரும்புத் தட்டு, அதன் அடியில் முன்னால் இரண்டு பின்னால் இரண்டு ரப்பர் சக்கரம், மேலே தோல் வார். தட்டை ஒரு சாவியால் திருகினால் நீளும், குறையும். ஆறாம் வகுப்புக் காலுக்கும் சேரும், என் காலுக்கும் சேரும். அளவு என்பது சாவியில் இருக்கிற விஷயம் என்று என் மூளையில் அன்றைக்குத்தான் பதிந்திருக்க வேண்டும்.

தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். "ஜனவரியில ஆண்டு விழா. முப்பது பிள்ளைங்க சக்கரத்துல வரணும், ரெண்டு அணியா."

"மேடம், எனக்கு ஸ்கேட்டிங் தெரியாது."

"நீங்க பி.டி. டீச்சர்தானே? இதுவும் பி.டி.தானே?"

அந்தத் தர்க்கத்தோடு பெட்டியும் சாவியும் என் மேசைக்கு வந்து சேர்ந்தன.

பள்ளி மைதானம் முழுக்கச் சரளைக் கல்லும் வேப்பமர வேரும். ஆனால் பின்சுவருக்கு அப்பால் ஓர் அரிசி ஆலை இருந்தது. அவித்த நெல்லைக் காயப் போடும் சிமென்ட் களம், நூறு நடை நீளம், கண்ணாடி போல. சுவர் ஓரிடத்தில் இடிந்து, ஆள் நுழையும்படி இருந்தது. மாலை நான்கு மணிக்குப் பிறகு நெல்லை ஓரமாகக் குவித்து மூடிவிடுவார்கள். களம் வெறுமையாய், உள்ளே வெயிலை வைத்துக்கொண்டு, யாருக்காகவோ காத்திருப்பது போல் கிடக்கும்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சாவியை விசிலோடு சேர்த்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஒரு மாலை அந்த இடிந்த சுவரைத் தாண்டி, களத்து ஓரத்தில் உட்கார்ந்து ஒரு ஜோடியை மாட்டினேன்.

4

களத்தில் ஒருத்தி இருந்தாள். தேசம்மா. என் வயதுதான் இருக்கும், இருபத்தொன்பது, முப்பது. நெல் காய வைப்பது அவள் வேலை. கடைசிப் பாத்தியை இன்னும் வாராமல் வைத்திருந்தாள்.

"இன்னா டீச்சர், காலுல வண்டி கட்டிகினு எங்க கெளம்பிட்ட?"

"ஸ்கேட்டிங். பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கணும்."

"உனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப யாரு யாருக்கு சொல்லித் தர்றது?" என்று சொல்லிவிட்டு, வேலையை நிறுத்திவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்றாள். நல்ல வேடிக்கை கிடைத்தவளின் நிற்பு.

எழுந்தேன். ஒரு காலைத் தூக்கி முன்னால் வைத்தேன். வைத்த கால் போய்விட்டது. மற்றக் காலை வைத்தேன். அதுவும் அதைத் தேடிக்கொண்டு போனது. மல்லாந்து நெல் குவியலின் மேல் விழுந்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. மேலே வானம், காக்கை, தேசம்மாவின் முகம்.

"களம் எவ்ளோ பெருசா கீது. அத வுட்டுட்டு வந்து என் நெல்லு மேலதான் வுழுவணுமா?"

மூன்று நாள் இப்படியே போனது. நடக்க முயல்வேன், விழுவேன், அவள் நெல்லைச் சரிசெய்வாள். நான்காம் நாள் அவளுக்குப் பொறுமை தீர்ந்தது.

"நடக்காத டீச்சர். நடந்தா வுழுவ. சக்கரத்த எவளாவது தூக்கித் தூக்கி வெப்பாளா? நெல்லு தொழாவறத பாத்துகினுதான கீற? அப்டி தள்ளு."

உண்மையில் நான் அதுவரை பார்க்கவில்லை. தினமும் கண்ணில் படுவது வேறு, பார்ப்பது வேறு. அன்றைக்குப் பார்த்தேன். தேசம்மா வெறுங்காலால் நெல்லைத் துழாவினாள். பாதம் தரையை விட்டு எழுவதே இல்லை. முழங்கால் சற்று மடிந்திருக்கிறது. பாதத்தை வெளிப்பக்கம் லேசாகத் திருப்பி, நெல்லைப் பக்கவாட்டில் ஒரு தள்ளு; உடம்பின் பாரம் மற்றக் காலுக்குப் போகிறது; அந்தப் பக்கம் ஒரு தள்ளு. அவசரம் இல்லை. அவள் போன வழியில் நெல் இரண்டு கோடாகப் பிரிந்து, அடியில் இருந்த ஈரம் மேலே வந்து, பச்சை ஆவியின் வாசனை எழும்பியது. அந்தக் களத்தில் அவள் வருடக் கணக்காகச் சக்கரமில்லாமல் ஸ்கேட்டிங் செய்துகொண்டிருந்தாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பின்னாலேயே மூன்று பாத்தி துழாவினேன். பிறகு சக்கரத்தை மாட்டிக்கொண்டு அதையே செய்தேன். முன்னால் போகவேண்டும் என்று நினைக்கவில்லை. பக்கத்தில் தள்ளவேண்டும் என்று மட்டும் நினைத்தேன். களம் என்னை எடுத்துக்கொண்டு போனது.

"அட, போவுது பாரு" என்றாள் தேசம்மா. என்னைச் சொன்னாளா வண்டியைச் சொன்னாளா தெரியாது.

மறுவாரம் பிள்ளைகளைக் கூட்டிவந்தேன். முதல் நாளே மூன்று பேருக்கு முழங்காலில் தோல் பெயர்ந்தது. அடுத்த மாலை தேசம்மா ஒரு கோணிப்பையோடு வந்தாள். உள்ளே பழைய புடவைத் துணியில் தைத்த சிறு சிறு தலையணைகள். தவிடு அடைத்திருந்தாள்.

"முட்டிக்கு ஒன்னு. உள்ளங்கைக்கு ஒன்னு. வுழுறவ கையத்தான் மொதல்ல ஊணுவா. அது எவளா இருந்தாலும் சரி."

"இத்தனையும் நீங்களா தச்சீங்க?"

"வூட்ல மாமியாரு பேஜாரு. தைக்க உக்காந்தா வாயத் தொறக்க மாட்டாங்க, பேச்சு குடுத்தா ஊசி கண்ணுல குத்திடும்னு பயம். அதுக்கோசரம் தச்சேன்."

முப்பது பெண்கள், முழங்காலில் தவிட்டுத் தலையணை, உள்ளங்கையில் தவிட்டுத் தலையணை, வாரித் தள்ளிய களத்தில் அணி மாற்றி அணி வரிசையாகத் துழாவிக்கொண்டு போவார்கள். விழுந்தால் உமித் தூசி பறக்கும், சிரிப்பும் பறக்கும். முதல் பாடமே விழுவது. குந்தி, பக்கமாகச் சாய்ந்து, முழங்காலில் இறங்குவது. அதைக் கற்றவளுக்குப் பிறகு பயமில்லை. ஜனவரியில் ஆண்டு விழாவின் அந்தப் பகுதி மட்டும் களத்திலேயே நடந்தது; அவர்கள் சக்கரத்தில் வந்தார்கள். விழாவுக்கு வந்த அதிகாரி, "எங்க பயிற்சி எடுத்தீங்க?" என்று என்னைக் கேட்டார். "நானா கத்துக்கிட்டது சார்" என்றேன். தேசம்மா இடிந்த சுவரருகே நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது கேட்டிருக்காது. எனக்கு இன்னும் கேட்கிறது.

5

இங்கே வந்த புதிதில் என் பட்டத்தை மதிப்பிடக் கொடுத்தேன். அது ஒரு அலுவலகம், அதற்கு ஒரு படிவம், படிவத்தோடு மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்புக்கு முத்திரை. பல மாதம் கழித்து மரியாதையான கடிதம் வந்தது. நான் படித்த படிப்பு இங்கே பாதிப் படிப்பாம். அதற்குப் பிறகு நன்னடத்தைச் சான்று வாங்கி, பள்ளியில் மதிய உணவு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தேன். ரொட்டி சாப்பிட்டு முடித்தார்களா, சட்டைக்கைப் பொத்தான் போட்டார்களா. விசில் இல்லை. ஒரு முறை பழக்கத்தில் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்துவிட்டேன். முற்றமே திரும்பிப் பார்த்தது. யாழினி மட்டும் திரும்பவில்லை.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த முற்றம்தான் எனக்கு மொழி கொடுத்தது. ஐந்து வயதுக் குழந்தைகள் பொறுமையாகத் திருத்துவார்கள்.

கட்டுப் பிரித்து ஒரு வாரம் கழித்து, ஊதா ஸ்கேட்டைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கடைக்குத் தனியாகப் போனேன். நடத்துகிறவள் மரைக்கே, ஐம்பது வயதிருக்கும், முழங்காலில் பழைய தழும்பு. நான் சொன்ன கதையைக் கேட்டாள். பூட்ஸுக்குள் கைவிட்டுப் பார்த்தாள்.

"ஸ்கேட் காலுக்குப் போடுகிற சட்டை இல்லை" என்றாள். "அது காலின் எலும்பு."

அவள் சொன்னதை ஊரில் யாராவது பிள்ளைகளுக்கு வாங்கப் போனால் உதவும் என்று எழுதுகிறேன். மெல்லிய காலுறை, ஒன்றே ஒன்று. பூட்ஸை மாட்டி, குதிகாலைத் தரையில் தட்டி, பின்னால் நன்றாக உட்கார வைத்த பிறகே கட்டவேண்டும். நேராக நின்றால் விரல் நுனி முன்சுவரை மெல்லத் தொடவேண்டும்; முழங்காலை மடக்கினால் விலகவேண்டும். குதிகால் மேலே எழுந்தால் அந்த ஜோடி வேண்டாம், என்ன நிறமாக இருந்தாலும். செங்கல் தெருவுக்கு மெத்தென்ற சக்கரம், வழவழப்பான கூடத்துக்குக் கெட்டியானது. முதலில் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது நல்லது. வாங்கும் வரிசை: முதலில் தலைக்கவசமும் மணிக்கட்டுக் காப்பும், பிறகு முழங்காலுக்கு, கடைசியில்தான் ஸ்கேட். "எல்லோரும் தலைகீழாக வாங்குகிறார்கள்" என்றாள்.

மணிக்கட்டுக் காப்பை என் கையில் மாட்டிக் காட்டினாள். உள்ளங்கையில் கெட்டியாக ஒரு தகடு, அதன் மேல் மெத்தை. வுழுறவ கையத்தான் மொதல்ல ஊணுவா.

கடையின் நடுவில் நின்றுகொண்டு அழ ஆரம்பித்தேன். களத்தில் யாரும் கேட்காமலே முப்பது பெண்களின் உள்ளங்கையில் தவிடு கட்டியவள் தேசம்மா. இங்கே ஒரு குழந்தை இலவசமாக நீட்டியதை அலங்காரம் என்று நினைத்தவள் நான். கடல் தாண்டும்போது நான் என்னென்னவோ மூட்டை கட்டினேன், மிளகாய்த் தூள், குக்கர் வளையம், மூன்று பட்டுப் புடவை. தேசம்மாவின் தவிட்டை மட்டும் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

மரைக்கே தேநீர் கொடுத்தாள். பிறகு அலமாரியிலிருந்து ஒரு பழைய சாம்பல் நிற ஜோடியை எடுத்தாள். முப்பத்து மூன்று. "இது பழசு. ஆனால் அளவு சரி. குழந்தை போட்டால் வாங்கிக்கொள். போடாவிட்டால் திருப்பிக் கொண்டு வா."

6

குழந்தை போடவில்லை. பெட்டியைத் திறக்கக்கூட இல்லை.

அப்போதுதான் செங்கல்பட்டில் இருக்கும் தம்பியிடம் தேசம்மாவைத் தேடச் சொன்னேன். ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டான். அதே ஆலையில் இப்போது களத்துக்கு அவள்தான் மேஸ்திரியாம். கையில் செல்போன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூப்பிட்டேன். யாழினி சோபாவில் படித்துக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தேன்.

"தேசம்மா, நான் ஸ்கேட்டிங் டீச்சர் பேசறேன்."

களத்துக் காற்றையும் மீறி அவள் குரல் வந்தது.

"அடிப்பாவி. எங்கடி பூட்ட இத்தினி வருசமா? சொல்லாம கொள்ளாம பிளேன் ஏறிட்டியாமே."

மன்னிப்புக் கேட்டேன். விஷயத்தைச் சொன்னேன். "எம் பொண்ணு நான் ஸ்கேட்டிங் போட்டதையே நம்ப மாட்டேங்கிறா."

"குடு அதுங்கிட்ட. கண்ணு, இன்னா பேரு உனுக்கு?"

"யாழினி" என்றாள் புத்தகத்தை மூடாமலே.

"உங்கம்மா மொத நாளு மல்லாக்க வுழுந்தா. எது மேல? நான் நாளெல்லாம் காய வெச்ச நெல்லு மேல. ஜாக்கெட்டு பூரா நெல்லு. வூட்டுக்குப் போயி உதறியிருந்தா அர படி தேறியிருக்கும்."

யாழினி என்னைப் பார்த்தாள். "ஜாக்கெட்னா கோட்டா?" என்று கிசுகிசுத்தாள். புடவை ரவிக்கை என்றேன். "புடவையில ஸ்கேட்டா?" புத்தகம் மூடியது.

"உனுக்குக் கையி எப்டி ஒடிஞ்சிச்சி?" என்று கேட்டாள் தேசம்மா.

"ஷூ பெரிசு."

"யாரு வாங்கினது?"

யாழினி புத்தகத்தின் அட்டையைத் தடவினாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த ஒரு நொடிக்காக நான் அவளுக்கு ஆயுள் முழுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

"டீச்சர்தானா? சைக்கிளத்தான் பெருசா வாங்கி அர பெடலு போட வெக்கிறோம். காலுல கட்ற வண்டியுமா? தவிடு கட்னியா டீச்சர்?"

"இல்ல தேசம்மா."

"அதான்."

பிறகு நான் சொன்னேன், பதினோரு வருடம் பிந்தி. அந்த அதிகாரி கேட்டபோது உங்க பேரைச் சொல்லியிருக்கணும் என்றேன். "எந்த அதிகாரி?" என்றாள் தேசம்மா. "அவுரு இன்னா எனுக்கு மெடலா குத்திடப் போறாரு? போன்ல டப்பு போவுது, வெய்யி. கண்ணு, நீ மொதல்ல வெறுங்கால்ல தொழாவு. உங்கம்மாவும் அப்டித்தான்."

போனை வைத்ததும் யாழினி கேட்டாள்: "தொழாவுன்னா என்ன?"

அரிசியைக் கொட்டிக் காட்டலாம் என்று டப்பாவைத் திறந்தேன். அரிசிமேல் கால் வைக்க மனம் ஒப்பவில்லை. குளிர்காலத்தில் பறவைகளுக்குப் போட வாங்கிய விதைப் பை ஒன்று மீதி இருந்தது. பின்வாசல் சிமென்ட் தரையில் அதைப் பரப்பினேன். வெறுங்காலோடு நின்று, முழங்காலை மடக்கி, ஒரு தள்ளு, மறு தள்ளு. இரண்டு கோடுகள் பிரிந்தன. கால் மறந்திருக்கவில்லை. அதற்குத் தன் ஊர் தெரிந்திருந்தது.

யாழினி காலுறையைக் கழற்றினாள். என் பின்னாலேயே துழாவினாள். "கூசுது" என்றாள். சிரித்தாள். ரகு சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்து, "புறாவுக்கு வாங்கினதும்மா அது" என்றார். புறாக்களும் கூரையிலிருந்து அதே கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தன.

சாம்பல் நிறப் பெட்டி அன்று மாலை திறந்தது. பெரிய கடையின் கார் நிறுத்துமிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் காலி. தார் வழவழவென்று இருக்கும். கை, முழங்கால், தலை எல்லாம் கட்டி, முதல் அரை மணி விழுவது மட்டும்தான். குந்து, சாய், இறங்கு. இருபது முறை விழுந்தாள். பிறகு நின்றாள். முழங்காலை மடக்கியபோது, "விரல் விலகுது" என்றாள். குதிகால் அசையவில்லை.

நான் கையைப் பிடிக்கவில்லை. அவள் கேட்கவுமில்லை. தார்மேல் ஒரு தள்ளு, மறு தள்ளு. எதிர்க்கோடி விளக்குக் கம்பத்தைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தாள்.

7

நேற்று மறுபடியும் ராணியின் பிறந்தநாள். யாழினிக்குப் பத்து முடிந்துவிட்டது. இந்த முறை நடைபாதையில் கட்டம் போட்டு உட்கார்ந்தவள் அவள். பழைய கதைப் புத்தகங்கள், ஒரு குடை, காதறுந்த கரடி, சாம்பல் நிற ஸ்கேட்.

காலில் ஊதா ஸ்கேட். போன வாரம் அவளாகவே நிலவறையிலிருந்து எடுத்து வந்து, குதிகாலைத் தட்டி, முழங்காலை மடக்கிப் பார்த்துவிட்டு, "இப்ப சரி" என்றாள். என் அப்பா போட்ட கணக்கு தப்பில்லை போலிருக்கிறது. ஒரு வருடம் முந்திவிட்டது, அவ்வளவுதான்.

தலையில் பூப்போட்ட துணி கட்டிய ஒரு பெண், ஏழு வயதிருக்கும் தன் மகளோடு வந்து நின்றாள். எந்த நாடோ தெரியாது. என்னைவிட ஒரு வருடம் பின்னால் வந்திருப்பாள். அவள் டச்சில் அது தெரிந்தது. சாம்பல் ஸ்கேட்டைக் கையில் எடுத்து மகளின் காலோடு வைத்துப் பார்த்தாள். ஒரு விரல் அகலம் நீளமாக இருந்தது.

"நல்லது" என்றாள். "இவள் வளர்கிறாள்."

யாழினி எழுந்து, அந்தச் சிறுமியின் முன் மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஸ்கேட்டை மாட்டினாள். குதிகாலைத் தட்டினாள். கட்டைவிரலால் முன்பக்கம் அழுத்தினாள். உள்ளே ஒன்றுமில்லை.

"இதை நான் உங்களுக்கு விற்க மாட்டேன்" என்றாள்.

அந்தத் தாயின் முகம் சுருங்கியது. அந்தச் சுருக்கம் எனக்குத் தெரியும். எழுந்து போய் எதையாவது சொல்லலாமா என்று பார்த்தேன். அதற்குள் யாழினி சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டு, "உன் பெயர் என்ன?" என்று சிறுமியிடம் கேட்டு, பூட்ஸின் பக்கவாட்டில் எழுதினாள். "அடுத்த வருடம் வா. இது உன்னுடையதுதான், எடுத்து வைக்கிறேன்." பிறகு தன் பையிலிருந்து பழைய மணிக்கட்டுக் காப்பை எடுத்து அந்தத் தாயிடம் நீட்டினாள். "இதை இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள். இது சின்னது, சரியாக இருக்கும்."

அவள் தயங்கினாள். வேண்டாம் என்று தலையசைக்கப் போகிறாள் என்று எனக்குத் தோன்றியது. அசைக்கவில்லை. வாங்கிக்கொண்டாள்.

சிறுமி அப்போதே கையில் மாட்டிக்கொண்டாள். யாழினி ஸ்கேட்டைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடைபாதையில் நின்று, முழங்காலை மடக்கி, பக்கவாட்டில் ஒரு தள்ளு, மறு தள்ளு தள்ளிக் காட்டினாள். சிறுமியும் தள்ளினாள். டச்சில் அதற்கு என்ன சொல் என்று யாழினி ஒரு கணம் யோசித்தாள். கிடைக்கவில்லை.

"தொழாவு" என்றாள்.

மாலையில் புத்தகங்கள் விற்றுப்போயின, குடை போயிற்று, கரடிகூடப் போயிற்று. ஸ்கேட் மட்டும் திரும்பி வந்தது. எங்கள் செருப்பு அடுக்கில், கடைசித் தட்டில், யாரோ ஒருவர் வீட்டுக் குழந்தையின் பெயரோடு இருக்கிறது. சுண்ணம் அழிந்துவிடும் என்று இன்று காலை அதன்மேல் பேனாவால் எழுதி வைத்தேன்.